இருபத்திரண்டாவது நாற்காலி

பத்தூமியில் மழை வருவதில்லை;
குடியிருக்கிறது.
நான் உணவகம் திறந்த அன்றும் பெய்தது,
பதினோரு மாதம் கழித்து
நாற்காலிகளை விற்ற அன்றும்.

முதலில் மழையைக் குற்றம் சொன்னேன்.
பிறகு துறைமுகச் சாலையைத் தோண்டிப்போட்ட நகராட்சியை,
எதிர்க்கடை பீட்சாவை,
நாக்குச் செத்த இந்த ஊரை.
மிச்சமிருந்தது
முகம் பார்க்கும் கண்ணாடி மட்டும்.

உண்மை சின்னது: ஃபெய்ஜோவா.
பச்சைத் தோல், வாசனைத் திமிர் பிடித்த பழம்.
நவம்பரில் இங்கே வேலிதோறும் உதிர்ந்து கிடக்கும்.
அதை ஆட்டுக்கறியில் போட்டேன், மீனில் போட்டேன்,
வால்நட் அரைத்துத் தடவிய கத்திரிக்காயிலும் போட்டேன்.
தட்டு மீதியோடு திரும்பியபோதெல்லாம்
தின்னத் தெரியாத ஜனம் என்றேன்.
புதுமை செய்கிறவனுக்கு
காது எதற்கு?

மக்வாலா முதல் மாதமே சொன்னாள்:
"ஓத்தர், மீனையும் கொஞ்சம் பேச விடு."
அவள் பள்ளியில் கணக்கு டீச்சர்.
கூட்டல் கழித்தலுக்கு
ருசி எப்படித் தெரியும் என்று கேட்டேன்,
பரிசாரகர்கள் முன்னால்.
கல் கடித்து உடைந்த பல்லைப்போல
அந்த வாக்கியத்தை இன்றும்
நாக்கு தேடிப்போய்த் தொடுகிறது.

விற்பனை நாள்.
பல் மருத்துவர் ஒருவர் ஆறு நாற்காலி எடுத்தார்.
"காத்திருப்பவர்களுக்கு," என்றார்.
என்னிடமும் அவை அதைத்தான் செய்தன.
தேவாலயப் பாடகர் குழு
சூப் அண்டாவைத் தூக்கிப் போனது.
ஒரு கல்லூரிப் பையன் பெயர்ப்பலகையைக் கேட்டான்;
பின்பக்கம் வழவழப்பாம், படம் வரையலாமாம்.
முன்பக்கம் என் பெயர் இருந்தது.
பேரம் பேசாமல் கொடுத்தேன்.

ரசீது எழுதியவள் மக்வாலா.
நாற்காலி இருபத்தொன்று, என்று எழுதினாள்.
இருபத்திரண்டு, என்றேன்.
இருபத்தொன்று, என்றாள், தலை நிமிராமல்.
இருபத்தாறு வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள்
தப்பாக எண்ணினால்
அதற்கு வேறு பெயர் இருக்கிறது.

அது இப்போது எங்கள் சமையலறையில்,
மற்ற மூன்றோடு ஒட்டாத சிவப்பில்.
ஒரு கால் குட்டை.
பழைய மெனு அட்டையை நாலாக மடித்து
அடியில் செருகியிருக்கிறாள்.
குனிந்தால் "வாவுடன் வாட்டிய ஆட்டு" வரை படிக்கலாம்.
ரொம்ப நாள் குனிந்துகொண்டிருந்தேன்.

தோல்வி பாடம் நடத்தும் என்கிறார்கள்.
என்னிடம் அது
வாடகை பாக்கி மட்டும்தான் கேட்டது.
அதைக் கட்ட
மருத்துவமனை கான்டீனில் சேர்ந்தேன்.
இதய நோயாளிகள் பிரிவு. உப்பு கிடையாது,
மிளகு கிடையாது, நான் கிடையாது.
வெந்த உருளைக்கிழங்கு
தன் சொந்தக் குரலில் என்ன சொல்கிறது என்று
ஐம்பத்திரண்டு வயதில்தான் கேட்டேன்.
பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை.
ஆனால் சொன்னது.

மறுபடி நவம்பர்.
வேலைவிட்டு வரும் வழியில்
வேலியோரம் ஒரு பழம், பாதி நசுங்கியது.
குனிந்து எடுக்க வெட்கமாக இருந்தது,
பழைய காதலியின் தெருவில்
அகப்பட்டுக்கொண்டவனைப்போல.
எடுத்தேன்.

இரவு, மக்வாலா நோட்டுகள் திருத்துகிறாள்.
சோள ரொட்டி, உப்புப் பாலாடைக்கட்டி,
மேலே ஒரு துண்டு ஃபெய்ஜோவா.
பெயர் வைக்கவில்லை.
பேசாமல் நோட்டுப் பக்கத்தில் வைத்தேன்.

மென்றாள்.
"தூக்கலாக இருக்கிறது."

வாயில் நாலு பதில் தயாராக நின்றன,
ஒவ்வொன்றும் மீசை முறுக்கிக்கொண்டு.
அவற்றை உள்ளே அனுப்பிவிட்டு
"எவ்வளவு?" என்றேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.
என்னைப் பார்த்தாள்,
விடை சரியாக வந்த
கடைசி பெஞ்சுப் பையனைப் பார்ப்பதுபோல்.
சிவப்பு மை படிந்த
கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உயர்த்தி
"இவ்வளவு" என்று காட்டினாள்.

கத்தியை எடுத்துக்கொண்டு
அந்த விரல்களுக்கு நடுவே
கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன்.